கண்காணிப்புக் கிணறு குழப்பினால்: எரிபொருள் கசிந்த இடத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் முள்ளோடை எல்லையைத் தொடுவதற்குள் எத்தனை பெட்ரோல் பங்குகள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டைவிட இங்கே விலை குறைவு. அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் பங்குகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மண்ணுக்குள் டேங்குகள். கடலோர மணற்பாங்கில் அந்த டேங்குகளுக்குச் சற்றுக் கீழேயே நிலத்தடி நீர். மழைக்காலத்தில் சில இடங்களில் டேங்கின் இடுப்பு வரை நீர் ஏறிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் கசிவு நேர்ந்த பிறகு, மாசைப் பார்க்க மண்ணுக்குள் குழாய் இறக்கிக் கண்காணிப்புக் கிணறு போடுவதும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுப்பதும், அறிக்கை எழுதுவதும் என் பிழைப்பு.

அறிக்கை விசித்திரமாக வந்தால் எல்லோரும் முதலில் ஆய்வகத்தைத் திட்டுகிறார்கள். அடுத்து டேங்கைச் சந்தேகிக்கிறார்கள். நீர்மட்டத்தை யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கியிருந்தன. மீதிக்கு மாதிரி எடுத்த கையே காரணம். ஆகவே கீழே உள்ள அறிகுறிகளில் எதற்குப் போவதற்கு முன்பும் நான்கு விவரங்களை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எண்ணெய் (மிதக்கும் பெட்ரோலோ டீசலோ) தொடங்கும் ஆழம், தண்ணீர் தொடங்கும் ஆழம், ஃபில்டர் குழாய் (நீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி) எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை இருக்கிறது, எந்தத் தேதியில் அளந்தீர்கள். ஃபில்டர் குழாயின் ஆழம் தெரியாது என்றால் போர் போட்டவரைத் தேடிப் பிடியுங்கள். அவரிடமும் இல்லையென்றால் கேமரா இறக்கிப் பாருங்கள். அது தெரியாமல் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

அளப்பதற்கு எண்ணெயையும் நீரையும் பிரித்துச் சொல்லும் இரட்டை உணரி நாடா வேண்டும். பல வகைகளில் எண்ணெய்க்கு விடாத ஒலி, தண்ணீருக்கு விட்டுவிட்டு வரும் ஒலி. உங்கள் கருவியில் எது எதற்கென்று ஒரு குடுவையில் டீசலையும் தண்ணீரையும் ஊற்றிச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியைத் திறந்தவுடன் குனிந்து முகராதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழாய்க்குள்ளேயே தேங்கி நிற்கும், காற்றில் 1.4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும்.

மழைக்கு முன் மிதந்த எண்ணெய் மழைக்குப் பின் காணவில்லை

அடிக்கடி வருவதும், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். புரட்டாசியில் நாடா 40 செ.மீ. எண்ணெய் காட்டியது. கார்த்திகையில் வெறும் தண்ணீர். பங்க் உரிமையாளர் ஒருவர் என்னிடம், “மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது ஐயா, இனி எதற்கு இந்தக் கிணறுகள்?” என்று கேட்டார். காபியும் வாங்கிக் கொடுத்தார்.

மழை எதையும் கழுவவில்லை. பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.74, டீசலுடையது சுமார் 0.83, இரண்டும் நீர்மட்டத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் கூடவே ஏறப் பார்க்கும். ஆனால் மணல் துகள்களின் இடுக்கில் அதில் ஒரு பகுதி துளித்துளியாகச் சிக்கி, தண்ணீருக்கு அடியிலேயே நின்றுவிடும். சிக்கிய துளிகள் கிணற்றுக்குள் ஓடி வராது. கிணறு சுத்தமாகத் தெரியும், மண் அழுக்காகவே இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர் குழாயின் மேல்விளிம்பு. நீர்மட்டம் அதைத் தாண்டி மேலே ஏறிவிட்டதா? தாண்டியிருந்தால் எண்ணெய் இப்போது துளையில்லாத வெறும் கேசிங் குழாய்க்கு வெளியே நிற்கிறது. அது உள்ளே வர வழியே இல்லை. அந்த மாதத்துக்கு அந்தக் கிணறு மிதக்கும் எண்ணெயைப் பற்றி எதுவும் சொல்லத் தகுதியற்றது. அறிக்கையில் ‘எண்ணெய் இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஃபில்டர் மூழ்கியிருந்ததால் அளக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள்.

ஃபில்டர் மூழ்கவில்லை என்றால், பெட்ரோலில் உள்ள நச்சுப் பொருளான பென்சீன் நீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பாருங்கள். மிதக்கும் எண்ணெய் மறைந்தும் பென்சீன் குறையாமலோ, கூடியோ இருந்தால் எண்ணெய் துளிகளாக உள்ளேதான் இருக்கிறது. இன்றைய பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட பெட்ரோலைத் தொட்டு நிற்கும் நீரில் பென்சீன் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மி.கி. வரைதான் கரையும். உங்கள் மாதிரியில் அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 200 மைக்ரோகிராம் வந்தாலே பக்கத்தில் எங்கோ எண்ணெய் இருக்கிறது என்று சந்தேகப்படுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

மூன்றாவதாக, சென்ற வருடம் இதே மாதத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஐப்பசியைச் சித்திரையோடு ஒப்பிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று வரைபடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சரிசெய்வது எப்படி? குறுக்குவழி கிடையாது, பக்கத்தில் புதுக் கிணறு போட வேண்டும். ஃபில்டர் குழாய் மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே தொடங்கி, கோடைக்கால அடிமட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். ‘வழக்கமாகப் பத்தடி ஃபில்டர் போடுவோம்’ என்பார் போர்க்காரர். வழக்கத்தை விட்டுவிட்டு, தெருவில் பழைய உறைக்கிணறு வைத்திருக்கும் வீட்டுக்குப் போங்கள். வெள்ளத்தின்போது தண்ணீர் எந்த உறை வரை வந்தது, கோடையில் வாளிக்கயிறு எத்தனை முழம் இறங்கும் என்று அங்கே இருக்கும் பாட்டி சொல்வார். அவர் கணக்கை நம்பிப் போட்ட ஃபில்டர் இன்று வரை மூழ்கவும் இல்லை, வறளவும் இல்லை.

கோடையில் எண்ணெய் திடீரென்று தடித்துவிட்டது

மேலே சொன்னதன் மறுபக்கம். வைகாசியில் நீர்மட்டம் இறங்க இறங்க, சிக்கியிருந்த துளிகள் விடுபட்டுக் கிணற்றுக்குள் வடியும். புதுக் கசிவு இல்லாமலே தடிமன் கூடும்.

இன்னொரு தப்புக் கணக்கும் இங்கே நடக்கிறது. கிணற்றில் 60 செ.மீ. என்றால் மண்ணிலும் 60 செ.மீ. என்று எடுத்துக்கொண்டு, பரப்பளவால் பெருக்கி, ‘இத்தனை ஆயிரம் லிட்டர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மண்ணில் நீர்மட்டத்துக்கு மேலே நுண்துளைகள் உறிஞ்சி வைத்த ஈரப் பட்டை ஒன்று இருக்கும். எண்ணெய் அதன்மேல் நிற்கும். கிணற்றுக்குள் அந்தப் பட்டை கிடையாது. எனவே எண்ணெய் உள்ளே சரிந்து, தன் எடையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, உள்ளதைவிடப் பல மடங்கு தடிப்பாகத் தெரியும். மணல் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு மிகை.

புதுக் கசிவா, பழைய எண்ணெயா என்று பிரிக்க எளிய சோதனை உண்டு. கிணற்றில் உள்ள எண்ணெயைப் பெய்லரால் (கயிற்றில் இறக்கும் குழல் வாளி) முழுக்க இறைத்துவிட்டு, மீண்டும் ஊறுவதை நேரம் போட்டு அளந்துகொண்டே இருங்கள். பழைய தடிமனுக்கு வர வாரக்கணக்கில் ஆனால் ஓடக்கூடிய எண்ணெய் மண்ணில் கொஞ்சம்தான். ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் உடனே பங்க் மேலாளரிடம், டேங்கில் கோல் விட்டு அளந்து எழுதும் டிப் ராடு பதிவேட்டைக் கேளுங்கள். குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவேட்டில் நான் முதலில் தேடுவது பெட்ரோல் குறைவை அல்ல, டேங்கின் அடியில் தண்ணீர் தென்பட்ட நாட்களை. மழைக்காலத்தில் வெளியே நீர்மட்டம் உயர்ந்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். கோடையில் அதே ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே போகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் வந்த தண்ணீரை எத்தனால் தனக்குள் இழுத்துக்கொள்ளும். டிப் ராடில் தடவும் பழைய வகைத் தண்ணீர் காட்டும் பசையும் இதில் சரியாக நிறம் மாறாது. எத்தனாலுக்கென்று வரும் பசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எண்ணெய் இருக்கும் மணலின் மேல் கெட்டிக் களிமண் மூடியிருந்தால் எல்லாம் தலைகீழாக நடக்கும்: நீர் அழுத்தம் கூடும்போது கிணற்றில் எண்ணெய் தடிக்கும், குறையும்போது மெலியும். ஆற்றோர வண்டல் பகுதிகளில் இதைக் கண்டால் பயந்துவிடாதீர்கள். போர் போட்டபோது எழுதிய மண் விவரத்தைப் பாருங்கள்.

நீரோட்டத் திசை மாதத்துக்கு ஒரு பக்கம் காட்டுகிறது

கடற்கரைச் சமவெளியில் நீர்மட்டச் சாய்வு மிகக் குறைவு. சில செ.மீ. பிசகினாலே கிழக்கு மேற்காகிவிடும். எண்ணெய் மிதக்கும் கிணறு ஒன்றைத் திருத்தம் இல்லாமல் கணக்கில் சேர்த்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கேசிங் தலை கடல்மட்டத்துக்கு மேல் 6.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் 3.80இல் தொடங்குகிறது, தண்ணீர் 4.40இல். தண்ணீரை மட்டும் எடுத்தால் மட்டம் 1.60 மீட்டர். ஆனால் 0.60 மீட்டர் பெட்ரோல் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. 0.60ஐ 0.74ஆல் பெருக்கிக் கூட்டினால் உண்மை மட்டம் 2.04 மீட்டர். நாற்பத்து நான்கு செ.மீ. வித்தியாசம்! திருத்தாமல் விட்டால் எண்ணெய் உள்ள கிணறு ஒரு பள்ளம்போல் தெரியும். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அதை நோக்கி ஓடுவதாக வரைபடம் வரும். மாசு வெளியே போகவில்லை என்று ஆகிவிடும்; பங்க்காரருக்கு இதைவிட இனிப்பான வரைபடம் கிடையாது.

அது சரியாக இருந்தால் அளந்த நேரத்தைப் பாருங்கள். கெடிலம், உப்பனாறு, அரியாங்குப்பம் ஆறு போன்ற கழிமுகங்களின் ஓரத்தில் கிணற்று நீர்மட்டம் கடல் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும். காலை ஆறு மணிக்கு இரண்டு கிணறு, இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மூன்று கிணறு என்று அளந்தால் வருவது உணவு இடைவேளையின் வரைபடம். எல்லாக் கிணறுகளையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பாகூர்ப் பக்கம் என்றால் சுற்றுவட்டாரப் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் ஓடும் ஒரு மோட்டார் உங்கள் மாசைத் தன் பக்கம் இழுக்கப் போதும்.

மூன்றாவது காரணத்தை என் தலையில் போட்டுக்கொள்கிறேன். ஓரிடத்தில் ஆறு மாதம் திசை தவறாக வந்தது. நாடாவை மாற்றினேன், ஆளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பங்கில் தரைக்கு புதுக் கல் பதித்தபோது கேசிங் தலை தட்டுகிறது என்று 12 செ.மீ. அறுத்துவிட்டிருக்கிறார்கள். நான் பழைய உயரத்தை வைத்தே கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் கிணற்றின் மொத்த ஆழத்தையும் அளக்கிறேன். அது மாறினால் ஒன்று மேலே அறுத்திருக்கிறார்கள், அல்லது கீழே மண் சேர்ந்திருக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு எல்லாக் கிணற்றிலும் எண்ணெய், மேட்டுக் கிணற்றிலும்கூட

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தரைமட்டத்தில் பதித்த கிணற்று மூடிகளுக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் பங்க் தரையின் எண்ணெயும், சாலையின் டீசல் கசடும், சாக்கடையும் எல்லாம் கலந்திருக்கும். மூடியின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் அவை நேராகக் குழாய்க்குள் இறங்கிவிடும்.

எப்போதும் சுத்தமாக இருந்த, நீரோட்டத்தின் மேற்புறக் கிணற்றிலும் (கசிந்த இடத்தை நீர் தொடுவதற்கு முன்னால் உள்ளது) மாசு தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் மூடியிலிருந்து கீழ் வரை சேற்றுக் கோடு இருக்கும். ரப்பர் வளையத்தை மாற்றி, கிணற்றை நன்றாக இறைத்துத் துப்புரவாக்கி, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அந்த மழைக்கால அளவீட்டை நீக்கிவிடாதீர்கள், குறிப்போடு வைத்திருங்கள்.

தண்ணீர்மேல் வானவில் பளபளப்பு, ஆய்வகமோ ஒன்றும் இல்லை என்கிறது

ஒரு குச்சியால் படலத்தைக் குத்துங்கள். கண்ணாடி உடைவதுபோல் சில்லுசில்லாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியா. குச்சியை எடுத்ததும் வழுக்கிக்கொண்டு மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். செம்மண் மேட்டு நீரில் இரும்பு ஏராளம். வாளியில் காவிக்கறை படிவதைக் கோரிமேடு, காலாப்பட்டுப் பக்கத்து வீடுகளில் யாரும் காட்டுவார்கள்.

வாசனை இல்லையே, குடிக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி. விடை: மூக்கை நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அமெரிக்காவின் சட்ட வரம்பு 5. ஆனால் நீரில் பென்சீனை மூக்கு உணர ஏறத்தாழ 10 மில்லிகிராம் வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. பெட்ரோல் கலந்த நீரில் நாம் முகர்வது பெரும்பாலும் டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவற்றை. அவை குறைந்த அளவிலேயே மணக்கும். அவை சிதைந்து பென்சீன் மட்டும் மிஞ்சிய நீர் மணக்காமலே கெடுதல் செய்யும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று ஓர் அம்மா சொன்னார். ஆவியாகும், உண்மைதான், அந்த ஆவி அவருடைய சமையலறைக்குள்தான் நிற்கும்.

அழுகிய முட்டை வாசனை வேறு கதை. பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று வரிசையாக எடுத்துக்கொள்ளும்; சல்பேட்டின் முறை வரும்போது அந்த வாசனை. மாசு தானாகச் சிதைகிறது என்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். கடலோரத்தில் அவசரப்படாதீர்கள். கடல்நீரில் சல்பேட் லிட்டருக்கு சுமார் 2,700 மி.கி.; உப்பு ஏறிய நிலத்தில் இரண்டு கிணறுகளுக்கிடையே சல்பேட் வேறுபடுவதற்குப் பெட்ரோல் தேவையே இல்லை. குளோரைடையும் சேர்த்து அளந்து, இரண்டின் விகிதத்தைப் பாருங்கள். குளோரைடு அப்படியே இருந்து சல்பேட் மட்டும் சரிந்திருந்தால்தான் அது நுண்ணுயிரின் வேலை.

மாதிரிக் குப்பியில் குமிழி

பென்சீனுக்கு எடுப்பது 40 மி.லி. கண்ணாடிக் குப்பி. விளிம்புக்கு மேல் நீர் வளைந்து நிற்கும்படி நிரப்பி, மூடி, கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் அதற்குள் ஏறி உட்காரும். பட்டாணி அளவுக்கு, அதாவது 6 மி.மீ.க்கு உட்பட்டது என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் என்றால் கொட்டிவிட்டுப் புதுக் குப்பி எடுங்கள். அதையே திறந்து சொட்டு ஊற்றி நிரப்பாதீர்கள், உள்ளே இருக்கும் அமிலம் நீர்த்துவிடும்.

கவனமாக நிரப்பியும் குமிழி வருகிறதா? நீரில் பைகார்பனேட் அதிகம் இருந்தால் பாதுகாப்புக்கு ஊற்றிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் சோடாபோலப் பொங்கும். சுண்ணாம்புப் பாறை உள்ள புதுச்சேரியின் வடமேற்குப் பகுதியில் இதை எதிர்பார்த்தே போங்கள். அமிலம் இல்லாத குப்பியில் எடுத்து, தாளில் அப்படியே எழுதி அனுப்புங்கள். அமிலம் சேர்த்தால் 14 நாள் வரை வைக்கலாம். சேர்க்காவிட்டால் 7 நாளுக்குள் ஆய்வு முடிய வேண்டும். அமிலம் இல்லாத குப்பியிலும் குமிழி எழும்பினால் அது மீத்தேனாக இருக்கக்கூடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஐஸ் பெட்டியைப் பஸ்ஸில் பார்சலாகச் சென்னைக்குப் போடுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கி.மீ. போவதற்குள் ஐஸ் வெந்நீராகிவிடும். பெட்டிக்குள் வெப்பமானி வையுங்கள். ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்த நொடியில் அது 4 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்ததா என்று எழுதி வாங்குங்கள்.

இரட்டை மாதிரிகளுக்குள் பெரிய வித்தியாசம்

ஒரே கிணற்றில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு குப்பிகள் ஒத்துப்போகவில்லையா? வேகமாக இறைத்திருக்கிறீர்கள். பெய்லரைத் தொப்பென்று போட்டால் நீர் கலங்கும், காற்று புகும், மேலே இருக்கும் எண்ணெய்த் துளி ஒன்று குப்பிக்குள் விழுந்தால் எண் வானத்துக்குப் போகும். நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வரை மெதுவாக இழுக்கும் பம்பு வையுங்கள். நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்க விடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அமிலகாரத்தன்மையும் மின்கடத்துதிறனும் பாருங்கள். தொடர்ந்து மூன்று அளவீடுகளில் முன்னது 0.1க்குள்ளும் பின்னது 3 விழுக்காட்டுக்குள்ளும் நின்ற பிறகுதான் குப்பியைத் திறக்க வேண்டும். மிதக்கும் எண்ணெய் உள்ள கிணற்றில் கரைந்த அளவுக்கு மாதிரி எடுப்பதே வீண் செலவு. விடை தெரிந்த கேள்விக்கு எதற்குப் பணம்?

‘கண்டறியப்படவில்லை’ என்று வந்துவிட்டது, வேலை முடிந்ததா?

எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று அதே வரியில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். மாதிரியில் வேறு ஏதாவது அதிகம் இருந்தால் ஆய்வகத்தார் நூறு மடங்கு நீர்த்து ஓட்டுவார்கள். வழக்கமாக 0.5 மைக்ரோகிராம் வரை காட்டும் முறை அப்போது 50க்குக் கீழே குருடாகிவிடும். வரம்பு 10, கருவிக்குக் கண் தெரிவது 50இலிருந்து. அந்தத் தாளில் இருக்கும் ‘இல்லை’க்கு அர்த்தமே கிடையாது. குறைவாக நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அலகையும் பாருங்கள், மில்லிகிராமும் மைக்ரோகிராமும் இடம் மாறிய அறிக்கை என் மேசைக்கே வந்திருக்கிறது.

புதுக் கிணற்றில் டொலுயீன் மட்டும், பென்சீன் இல்லை

பெட்ரோலில் இவை கூட்டமாக வரும். ஒன்று மட்டும் தனியாக வந்தால் குழாயைப் பொருத்திய விதத்தைக் கேளுங்கள். நம் ஊர் போர்க்காரர்கள் பிவிசி குழாயைச் சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள்; அதிலிருந்து டெட்ராஹைட்ரோஃபியூரான், மீத்தைல் எத்தில் கீட்டோன் போன்ற கரைப்பான்கள் மாதக்கணக்கில் நீரில் இறங்கும். எலக்ட்ரிக் டேப்பின் பசையில் டொலுயீன் இருக்கும். பம்புக் கயிற்றில் அதைச் சுற்றியிருந்தாலே போதும். கண்காணிப்புக் கிணற்றுக்கு மரை போட்ட குழாய்தான் வேண்டும். ஏற்கெனவே ஒட்டிவிட்டார்கள் என்றால் டேப்பை எடுத்துவிட்டு, சில முறை இறைத்து, எண் தேய்கிறதா பாருங்கள். மாசு என்றால் தேயாது.

விவசாயப் போரில் எண்ணெய்ப் பிசுக்கு

அது கம்ப்ரசர் போரா என்று கேளுங்கள். காற்றை அழுத்தி நீரைத் தள்ளும் அந்த ஏற்பாட்டில் கம்ப்ரசரின் மசகெண்ணெய் காற்றோடு கலந்து போருக்குள் இறங்கும். தொல்லை இத்தோடு முடியவில்லை. அதே காற்று, நீரில் உண்மையாகவே பென்சீன் இருந்தாலும் அதை ஊதி வெளியேற்றிவிடும். எனவே இந்த வகைப் போரின் மாதிரி, இல்லாத எண்ணெயைக் காட்டி இருக்கும் பெட்ரோலை மறைக்கும். காற்றுக்குழாயை வெளியே எடுத்துவிட்டு, மெதுவாக இழுக்கும் பம்பால் எடுங்கள். இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம்.

டீசல் அளவில் ஏதோ வருகிறது, ஆனால் அங்கே டீசல் கசியவே இல்லை

கடலூர் மாவட்டத்துக்கும் பாகூர் வட்டாரத்துக்கும் உரிய தனிக் குழப்பம். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரி அங்கே மட்டும் இல்லை. பாகூர்ப் பக்கமும் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதிலிருந்தும், கழிமுகத்தின் கருஞ்சேற்றிலிருந்தும் நீரில் கரையும் இயற்கைக் கரிமப் பொருள்கள் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் சோதனையில் டீசல்போல வேடம் போடும்.

அளவை விட்டுவிட்டு, மாதிரியில் உள்ள பொருள்களைப் பிரித்து முகடுகளாகக் காட்டும் குரோமட்டோகிராம் படத்தைக் கேளுங்கள். புது டீசல் என்றால் சீப்பின் பற்கள்போல ஒழுங்கான முகடுகள் ஒரு திட்டின்மேல் நிற்கும். பற்களே இல்லாத மொட்டைத் திட்டு என்றால் இயற்கைப் பொருளாக இருக்கலாம். நன்றாகச் சிதைந்த பழைய டீசலாகவும் இருக்கலாம். பிரிக்க, மாதிரியைச் சிலிக்கா ஜெல் வழியாகச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இயற்கைக் கரிமம் அதில் ஒட்டிக்கொள்ளும், ஹைட்ரோகார்பன் கடந்து வரும். ஆனால் டீசல் சிதைந்து உண்டான பொருள்களும் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சுத்தம் செய்ததற்கு முன், பின் என்று இரண்டு எண்களும் அறிக்கையில் இருக்க வேண்டும். பின்னதை மட்டும் கொடுத்து ‘எல்லாம் இயற்கை’ என்று முடிப்பவரை நான் நம்புவதில்லை. மேற்புறச் சுத்தக் கிணற்றிலும் அதே திட்டு, அதே உயரத்தில் இருக்கிறதா என்பதே எனக்குப் போதுமான சாட்சி.

பென்சீன் நினைத்ததைவிடத் தூரம் போய்விட்டது

எத்தனாலைச் சந்தேகியுங்கள். இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு எத்தனால் பாயசம். அது இருக்கும்வரை அவை பென்சீனைத் திரும்பிப் பார்க்கா. எத்தனாலைத் தின்று முடிப்பதற்குள் ஆக்சிஜனும் தீர்ந்துவிடும். சிதையாத பென்சீன் நீரோடு இன்னும் தூரம் நடக்கும். கசிவு நடந்து மாதங்கள் கழித்து மீத்தேன் கிளம்பும். முன்பு சொன்ன குமிழி அதனால் வரலாம். மாசு இவ்வளவு தூரம்தான் போகும் என்று பழைய பெட்ரோலை மனத்தில் வைத்து எல்லைக் கிணறு போட்டிருந்தால், அதைக் கடந்து இன்னொரு கிணறு போடுங்கள். பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளத்திலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும் மீத்தேனுக்கு எரிவாயு அளவி வைத்துப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றில் பென்சீன்

மேலே சொன்னவற்றில் எதற்கும் ஒரு வாரம் பொறுக்கலாம். இதற்குப் பொறுக்க முடியாது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் குடிநீரின் முதுகெலும்பு கடலூர் மணற்பாறை. கேப்பர் மலையிலும் செம்மண் மேடுகளிலும் வெளியே தெரியும் அதே பாறைதான் கடற்கரையை நோக்கி ஆழத்தில் இறங்குகிறது. மேல்மணலின் பெட்ரோல் அந்த ஆழத்துக்குத் தானாக இறங்குவது கடினம், அது மிதக்கும் பொருள். கரைந்த பென்சீனையும் இடையில் உள்ள களிமண் தடுக்கும். அப்படியிருந்தும் வந்துவிட்டது என்றால் யாரோ வழி திறந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த வழி, கேசிங் குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே அடைக்காமல் விட்ட வளைய இடைவெளி. சரளையைக் கொட்டி மேலே ஒரு சட்டி சிமெண்ட் பூசிய போர்கள் நம் ஊரில் எத்தனை! 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் போர்களிலும் எண்ணெய் வந்தபோது, நகரத்துக்கடியில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் திடீரென்று உறைத்தது.

அன்றே அந்தப் போரைக் குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி, வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நகல் போகட்டும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாய்க்குள் காது வைத்துக் கேளுங்கள். நடு ஆழத்தில் சொட்டும் ஒலி கேட்டால் கேசிங்கில் ஓட்டை இருக்கிறது, மேல்நீர் உள்ளே விழுகிறது. கேமரா இறக்கினால் அந்த இடம் தெரியும். ஒலி இல்லையென்றால் வழி குழாய்க்கு வெளியே இருக்கிறது. அதை அறிய மேல்மணலின் நீரையும் போரின் நீரையும் ஒரே நாளில் எடுத்து மின்கடத்துதிறன், குளோரைடு, நைட்ரேட் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆழத்து நீர் மேல்நீரின் சாயலில் இருந்தால், பென்சீன் தனியாக வரவில்லை, மேல்நீரே இறங்குகிறது.

சுற்றிலும் கைவிட்ட போர்கள் இருக்கின்றனவா என்று வீடு வீடாகக் கேளுங்கள். ‘அது வறண்டு போச்சு, மேலே கல் போட்டு மூடியாச்சு’ என்று சொல்லும் போர்தான் பெரும்பாலும் நீங்கள் தேடுவது. அடியிலிருந்து மேல்வரை பெண்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) கலந்த சிமெண்ட் குழம்பைக் குழாய் வழியே ஏற்றி அடைக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் நடுவில் தொங்கிக் கீழே வெற்றிடம் நிற்கும். கசியும் போரையே அடைப்பதாக இருந்தால் முதலில் கேசிங்கை உருவ முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் களிமண் படுகை இருக்கும் ஆழத்தில் குழாயைத் துளைத்து, குழம்பை வெளிப்பக்கத்துக்கும் தள்ளச் சொல்லுங்கள். அடைத்த நாளிலிருந்து அருகிலுள்ள ஆழ்போர்களில் மாதம் ஒரு முறை, ஒரு முழு மழைக்காலமும் ஒரு முழுக் கோடையும் கடக்கும் வரை மாதிரி எடுங்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அன்றைய நீர்மட்டம் இருக்கட்டும்.